மன்னிப்பு விருந்தில் வைத்த ஆட்டுத்தலை

ஒக்காக்கரரா
செப்டம்பர் 19

என் மகள் ஜிரிமூயேவுக்கு,

அம்மா எழுதுவது. நீ உடம்பும் மனசும் ஒன்றுபோல நன்றாயிருக்க வேண்டும், குளிர் தொடங்குவதற்குள் கம்பளிச் சட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயில் காட்டியிருக்க வேண்டும், வெயில் என்று ஒன்று நீ இருக்கிற ஜெர்மனியில் இருந்தால். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதினால் பாதிதான் உண்மை. உன் அப்பாவுக்கு முட்டிவலி, ஆனாலும் மாட்டுப்பட்டிக்குப் போவதை நிறுத்துகிற ஆள் அவர் இல்லை, நான் சொன்னால் அவர் காது கேட்காதவர் ஆகிவிடுகிறார். மழைக்கு இன்னும் இரண்டு மாதமாவது இருக்கிறது, புல்லெல்லாம் கருகி மாடுகள் விலா எலும்பைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன, செம்பட்டைப் பசு மட்டும் இந்த வறட்சியிலும் ஒரு பெண் கன்று போட்டிருக்கிறது, அதற்கு உன் பெயரை வைக்கலாமா என்று அப்பா கேட்டார், பால் கறக்கிற நேரத்தில் காணாமல் போகிற கன்றானால் வையுங்கள் என்றேன். எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. கோபம் ஒன்றுதான். பன்னிரண்டு நாளாகிறது, இன்னும் இறங்கவில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். தண்ணீர்த்தொட்டி மேட்டில் ஏறி நின்று கத்தினால்தான் சிக்னல் கிடைக்கும் என்பது உனக்கே தெரியும், நான் கத்தியதை இந்த ஊர் போதுமான அளவு கேட்டுவிட்டது. போதகர் வீட்டுப் பெண் வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இந்தக் கடிதமும் நீ கேட்ட நீளப் பாவாடைச் சட்டையும் தலைத்துணியும் வருகின்றன. யாரோ ஒரு புண்ணியவான் என்னைச் செல்போனில் படம் பிடித்து, முன்னும் பின்னும் வெட்டி, ஊர் ஊராக அனுப்பியிருக்கிறான். ஆட்டுத்தலைக்காக வெளிநாட்டு விருந்தாளியிடம் சண்டைக்குப் போன கிழவி என்று தலைநகரம் வரை சிரிக்கிறார்களாம். உனக்கும் வந்திருக்கும். அதை வைத்து உன் அம்மாவை நீ எடைபோடக் கூடாது, அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கையெழுத்து ஆடினால் பொறுத்துக்கொண்டு படி.

ஜெர்மனியிலிருந்து மன்னிப்பு கேட்க வருகிறார்கள் என்று ஜூலையிலேயே பேச்சு. நம் அரசாங்கமும் அவர்கள் அரசாங்கமும் வருஷக்கணக்கில் உட்கார்ந்து பேசி, எல்லாம் முடிவான பிறகு நம்மைக் கூப்பிட்டார்கள், கல்யாணத்துக்கு முதல்நாள் பெண்ணிடம் மாப்பிள்ளை பெயரைச் சொல்வது போல. வரவேற்புக் கமிட்டிக்குச் செயலாளர் யார் என்று நினைக்கிறாய், உன் மாமன் உசியேல்தான். சுற்றுலா வண்டி ஓட்டி ஜெர்மன்காரர்களுக்குச் சிங்கம் காட்டி ஓய்வு பெற்றவனுக்கு அந்தப் பாஷை தண்ணீர்பட்ட பாடு, ஆகவே மொழிபெயர்ப்பும் அவன், சாப்பாட்டு ஏற்பாடும் அவன், நாற்காலி எண்ணுவதும் அவன். என் தம்பி என்பதால் சொல்லவில்லை, அவன் இரவு பகல் பாராமல் ஓடினான், அவன் மனசில் கள்ளம் இல்லை. நமக்கு ஒரு நல்ல நாள் வருகிறது என்று உண்மையாகவே நம்பினான். நம் ஆண்கள் விசேஷ நாளில் போடுகிற பட்டாளச் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பித்தான்களைப் பளபளவென்று துடைத்துக்கொண்டு, எனக்கு முன்வரிசையில் இடம் போட்டுவைத்தான். மேஜைமேல் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் என்று அட்டை வைத்திருந்தார்கள். பாதிக்கப்பட்டோம் என்பது அட்டை பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிய வேண்டும் என்பது போல.

வந்தவள் ஒரு நரைத்த அம்மாள், அவர்கள் அரசாங்கத்தில் பெரிய பொறுப்பாம், மரியாதையான முகம்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். காகிதத்தைப் பார்த்து வாசித்தாள். அவர்கள் நம் நாட்டை ஆண்ட காலத்தில் நம் ஜனங்களைப் பாலைவனத்துக்குத் துரத்தி, தண்ணீர் குடிக்க விடாமல் கிணறுகளைக் காவல் காத்ததையும், மிஞ்சியவர்களை முகாமில் அடைத்ததையும் வாசித்தாள். அது இன்றைய பார்வையில் இனப்படுகொலை என்றாள். இன்றைய பார்வையிலாம். அன்றைக்குத் தாகத்தில் செத்த குழந்தைக்கு அது என்னவாக இருந்தது என்று யாரைக் கேட்பது? இழப்பீடு என்ற சொல்லை மட்டும் அவள் வாய் தொடவே இல்லை, தொட்டால் நாக்கு வெந்துவிடும் போல. வளர்ச்சிக்கு உதவி என்றாள், சாலை என்றாள், கிணறு என்றாள். அன்றைக்குப் பறித்த நிலத்தில் இன்றைக்கும் அவர்கள் பேரப்பிள்ளைகள் வேலி போட்டு மாடு மேய்க்கிறார்கள், நம் பெரியவர்கள் சமாதிக்குப் போய் ஒரு கல் வைக்க வேண்டுமானால் பண்ணைக்காரனுக்குப் போன் போட்டுக் கேட்டைத் திறக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது, நமக்கு இவள் சாலை போட்டுத் தருகிறாள். கடைசியில் இறந்தவர்கள் முன்னால் தலைவணங்குகிறோம் என்று வாசித்து முடித்தாள். கை தட்டினார்கள். நானும் தட்டினேன், பொய் சொல்வானேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுகிற கதைதான் என்று உள்ளே ஒரு குரல் சொன்னாலும், நூறு வருஷத்துக்கு அப்புறம் ஒருத்தியாவது வாயைத் திறந்து சொன்னாளே என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு சாப்பாடு. சோளக்களி, புளித்த பால், சுட்ட இறைச்சி எல்லாம் பின்வரிசைக்கு. முன்வரிசை மேஜைகளுக்கு மட்டும் மூடிபோட்ட தட்டுகள் தனியாக வந்தன. மூடியைத் தூக்கினார்கள். வேகவைத்த ஆட்டுத்தலை, ஆளுக்கு ஒன்று, பல்லைக் காட்டிக்கொண்டு. இங்கே தலை வைப்பது எவ்வளவு பெரிய மரியாதை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உசியேல் கணக்கில் அதைவிடப் பெரிய உபசாரம் கிடையாது. வாடை மூக்கில் ஏறியதுதான் எனக்குத் தெரியும், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். உசியேல் ஓடிவந்து என் காதருகில் குனிந்தான்.

"அக்கா, உக்காரு. உனக்குன்னு நல்லதாப் பொறுக்கி வச்சிருக்கேன்."

அவனுக்குத் தெரியாது, ஜிரிமூயே. தெரிந்திருக்க வழியே இல்லை. இப்போது சொல்லப்போவது உனக்கும் தெரியாது. நம் வீட்டில் ஆடு அடித்தால் தலையைப் பச்சையாகவே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவோமே, ஒரு நாளும் நம் பானையில் தலை வெந்ததில்லையே, ஏன் என்று நீ சின்ன வயதில் கேட்டபோது நம் வீட்டுப் பெண்களுக்கு ஆகாது என்று மட்டும் சொன்னேன். கண்ணாடி உடைந்தால் சில்லுகளை ஒன்று விடாமல் பொறுக்கி உடனே குழி தோண்டிப் புதைப்போமே, அதற்கும் காரணம் சொன்னதில்லை. உன் மாமன் அதையெல்லாம் பெண்பிள்ளைக் கிறுக்கு என்று கேலி பண்ணியே வளர்ந்தவன். அந்தக் காரணம் நம் தாய்வழியில் பெண்ணிடமிருந்து பெண்ணுக்குத்தான் போகும், அதுவும் முதல் பிள்ளை பெற்று எழுந்த பிறகுதான் சொல்வார்கள், அதுவரை கேட்டால் வயிறு தாங்காது என்று. நீ எப்போது பிள்ளை பெறுவது, நான் எப்போது சொல்வது. அது வேறு கோபம், வேறு கடிதத்தில் வைத்துக்கொள்கிறேன்.

என் அம்மாவின் அம்மாவைப் பெற்றவள் பெயர் உவாண்டாரா. இருபது வயதில் கடலோர முகாமில் அடைத்தார்கள், சுறாத்தீவு என்று நீ பள்ளிக்கூடத்தில் படித்த அதே இடம். குளிரிலும் பட்டினியிலும் தினம் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். செத்தவர்களைக்கூட அவர்கள் சும்மா விடவில்லை. தலையை வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, வெந்ததை எடுத்துப் பெண்கள் கையில் கொடுத்து, உடைந்த கண்ணாடிச் சில்லால் சதையைச் சுரண்டச் சொன்னார்கள். சுரண்டி, கழுவி, காயவைத்து, அடுக்கிக் கொடுத்தால் பெட்டி போட்டுக் கப்பலில் ஏற்றி அவர்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவார்கள், எங்கள் மண்டை சின்னதா பெரிதா என்று அளந்து பார்த்துப் புத்தகம் எழுதுவதற்கு. உவாண்டாரா பல தலைகளைச் சுரண்டினாள். ஒரு நாள் அவள் மடியில் வந்து விழுந்த தலை அவள் கூடப்பிறந்த அண்ணன் கச்சிமுனேயுடையது. அவளுக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்பதைக் கடிதத்தின் முடிவில் எழுதுகிறேன், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காவல்காரன் மேலேயே நின்றான். அவள் அழவில்லை, அழுதால் பிடுங்கி வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவான், வேறு கைகள் முரட்டுத்தனமாகச் சுரண்டும் என்று நினைத்தாளாம். தானே செய்தாள். மெதுவாகச் செய்தாள். பிறகு அவன்மேல் ஒரு எண் எழுதினார்கள், அவளுக்குப் படிக்கத் தெரியாது.

இவ்வளவையும் நான் அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று நம் பாஷையில் சொல்லிவிட்டேன். ஆண்கள் காதில் இது விழுவது இதுதான் முதல் தடவை. எனக்கு முன்னால் இதைக் காத்துவந்தவர்கள் என்னை மன்னிக்கட்டும், என்னால் அந்தத் தட்டுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை. நரைத்த அம்மாள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உசியேலைப் பார்த்தாள், இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். உசியேல் முகம் சாம்பல் பூத்திருந்தது. பிறகு அவர்கள் பாஷையில் சொன்னான், என் அக்கா உங்கள் வருகைக்கு நன்றி சொல்கிறார், அவருக்கு இறைச்சி ஒத்துக்கொள்ளாது, மன்னிக்க வேண்டும் என்கிறார் என்று.

மகளே, நான் இருபத்திரண்டு வருஷம் ஜெர்மன் பண்ணைக்காரர் வீட்டு அடுப்படியில் வெந்தவள் என்பதை என் கூடப்பிறந்தவனே மறந்துவிட்டான். நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்கிறான், நான்! மன்னிப்புக் கேட்க ஐயாயிரம் மைல் தாண்டி ஒருத்தி வந்து உட்கார்ந்திருக்க, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, மன்னிப்புக் கேட்கிறவளாக என்னை மாற்றிவிட்டான். அந்த அம்மாள் புன்னகையோடு எனக்குத் தலையாட்டினாள், பரவாயில்லை என்கிற மாதிரி. அந்தப் புன்னகையைப் பார்த்த பிறகு எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

எனக்கு அவர்கள் பாஷையில் சட்டம் தெரியாது, சரித்திரம் தெரியாது, அந்த அம்மாள் பத்துத் தடவை வாசித்த பெரிய பெரிய சொற்கள் ஒன்றும் தெரியாது. பண்ணைக்காரர் மனைவி ஹெல்கா அம்மாள் அடுப்படியில் எனக்குக் கற்றுக்கொடுத்தது தண்ணீர் கொதிக்க வை, பானையை எடு, சுரண்டு, கழுவு, துடை, காயவை, உடையாமல் பெட்டியில் அடுக்கு, அவ்வளவுதான். கதை சொல்ல எனக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டது, ஒரு சொல்கூடக் குறையவில்லை. வேலைக்காரி பாஷையிலேயே அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"அம்மா, தண்ணி கொதிக்குது. பானையில தலை. ஆட்டுத்தலை இல்ல, எங்க அண்ணன் தலை. உடைஞ்ச கண்ணாடி. சுரண்டுன்னு சொன்னீங்க, சுரண்டினோம். கழுவு, கழுவினோம். காயவை, பெட்டியில அடுக்கு, உடையக் கூடாதுன்னீங்க. ஒண்ணும் உடையல. எங்க வச்சிருக்கீங்க?"

அவளுக்குப் புரிந்தது. புன்னகை போன இடம் தெரியவில்லை. பாவம், காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது எங்களுக்குக் கொடுத்த குறிப்பில் இல்லை என்றாள் பக்கத்தில் இருந்தவனிடம். பிறகு எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாள், காகிதத்தில் வாசித்த அதே வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல். எங்கே என்று மறுபடி கேட்டேன். சில தலைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், இன்னும் சில இருக்கலாம், ஆராய்ச்சி நடக்கிறது, எண்கள் இருக்கின்றன, பெயர்கள் இல்லை என்றாள். பெயர் எப்படி இருக்கும்? எண் போட்டவனுக்குப் பெயர் தெரியாது, பெயர் தெரிந்தவளிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த மேஜையில் ஒரு பெண், ஒட்ஜினேனே ஊர்ப் பக்கத்துக்காரியாம், முன்பின் பார்த்ததில்லை, தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, எங்க வீட்டுலயும் தலை வேகவைக்க மாட்டாங்க, கண்ணாடியப் புதைப்பாங்க, ஏன்னு எங்கம்மா சொல்லாமயே செத்துப்போனா என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். அத்தோடு நான் வெளியே வந்துவிட்டேன். அந்த வீடியோவில் இந்தப் பெண் இருக்கிறாளா, பார். இருக்க மாட்டாள்.

மறுநாள் காலையில் உசியேல் வந்தான். சீருடை இல்லை, தொப்பி இல்லை. வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் இறங்காமலே இருந்தான், உன் அப்பா போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். பால் கொடுத்தேன், தொடவில்லை. அவனைக் கிழித்துவிட வேண்டும் என்று ராத்திரியே சொற்களை எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"அறுபத்தோரு வயசாச்சு எனக்கு. அவரு எனக்கும் தாய்மாமன் வழிதானே அக்கா. எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

பெண்கள் சுமக்கட்டும் என்று யாரோ என்றைக்கோ முடிவு பண்ணினார்கள், நாங்கள் சுமந்தோம், அதில் ஒரு பெருமையும் வைத்துக்கொண்டோம், கூடப்பிறந்தவன் தலையைப் பற்றிக் கூடப்பிறந்தவனுக்குச் சொல்லவில்லை. அவன் கேட்டது நியாயம். இரண்டு பேரும் கொஞ்சநேரம் அழுதோம். ஆனால் அழுகையோடு முடியவில்லை, நியாயமாகக் கேட்ட அதே வாயால் அடுத்ததையும் சொன்னான். குடும்பங்கள் மன்னிப்பை ஏற்றுக்கொண்டதாக ஒரு காகிதத்தில் கையெழுத்து வேண்டுமாம். நான் போட மாட்டேன் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. நான் போடாவிட்டாலும் கவலையில்லையாம், போன மாதமே வேறு ஏற்பாடு செய்துவிட்டார்களாம், அக்டோபர் கடைசியில் ஜெர்மனியில் நடக்கிற விழாவில் நம் குடும்பத்தின் சார்பாக உன்னை மேடையில் நிறுத்தி வாசிக்க வைக்கப்போகிறார்களாம், உன்னிடம் பேசிவிட்டார்களாம், நீயும் சரி என்றுவிட்டாயாம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. போன மாதம் நீ போன் பண்ணி நீளப் பாவாடையும் மாட்டுக்கொம்பு போல இரண்டு பக்கமும் நீட்டிக் கட்டும் தலைத்துணியும் வேண்டும் என்று கேட்டாய். எதற்கென்று சொல்லவில்லை. என் பெண்ணுக்கு அங்கே கால்சட்டை போட்டுப் போட்டு நம் உடுப்பின்மேல் ஆசை வந்துவிட்டது என்று நான் பைத்தியக்காரி நீலத்துணி வாங்கி, கண் தெரியாமல் விளக்கை அருகில் வைத்துக்கொண்டு தைத்தேன். பார்க்க அழகாக இருக்கும் என்றுதானே கேட்டிருப்பார்கள்? உடுப்போடு ஒரு பெண் வந்து நின்று ஏற்றுக்கொண்டோம் என்று சொன்னால் பத்திரிகையில் போட நன்றாயிருக்கும். உன்னைத் திட்டத்தான் இந்தக் கடிதத்தை எடுத்தேன், இப்போது அந்தக் கோபம் உன்மேல் இல்லை, உனக்குத் தெரியாது, உன் மாமனுக்குப் போலவே உனக்கும் சொல்லாமல் வைத்திருந்தது நான். ஆனால் இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு அந்தக் காகிதத்தை வாசித்தாயானால் நீ என் வயிற்றில் பிறந்தவள் இல்லை.

மேடை ஏறாதே என்று சொல்ல மாட்டேன். ஏறு. உடுப்பைப் போட்டுக்கொண்டே ஏறு, துணியை வீணாக்காதே. ஏற்றுக்கொள்கிறோமா இல்லையா என்பதை மட்டும் சொல்லாதே, அதைச் சொல்ல எனக்கோ உனக்கோ உசியேலுக்கோ வாய் கிடையாது. வாய் இருந்தவனைப் பெட்டியில் போட்டு எந்த அலமாரியிலோ வைத்திருக்கிறார்கள். அவனை முதலில் கொடுக்கட்டும். உனக்கு என்னைப் போல அடுப்படிப் பாஷை இல்லை, ஆஸ்பத்திரியில் டாக்டர்களோடு வாதாடுகிற பாஷை இருக்கிறது, அதில் கேள், எல்லோரும் கேட்க, காகிதத்தில் எழுதிவாங்கும்வரை இறங்காமல் கேள். உசியேல் கமிட்டியிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டான், அவர்களுக்கு அவனே ஒரு கடிதம் எழுதி அன்றைக்கு நான் சொன்னதைச் சரியாக மொழிபெயர்த்து அனுப்பியிருக்கிறான், அதன் நகலை உடுப்பு மடிப்புக்குள் வைத்திருக்கிறேன். நர்ஸ் வேலை பார்க்கிறவள் நீ, தலையோட்டைப் பார்த்துப் பயப்பட மாட்டாய். நானாக இருந்தால் விழுந்துவிடுவேன்.

உன் அப்பா முன்னோருக்காக நாம் அணையாமல் காக்கிற நெருப்படியில் உட்கார்ந்து, போய்ச்சேர்ந்த பெரியவர்களிடம் உன் பெயரைச் சொல்லி, இவள் போகிறாள், வழியைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டுவிட்டார். கால் இடறாமல், நாக்குக் குழறாமல், உன் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்ற நினைப்போடு நட, கடவுளும் நம் ஜனங்களும் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. ரொட்டியை மட்டும் கடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளாதே.

இனி சொல்ல மிச்சம் வைத்தது. கூட்டத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன், கச்சிமுனேயை எப்படி அடையாளம் காண்பது என்பதை மட்டும் விழுங்கிக்கொண்டேன். மாடு தொலைத்தவன் அடையாளத்தைச் சொல்லிக்கொண்டு போனால் எதிர்ப்பட்ட மாட்டுக்கெல்லாம் அந்த அடையாளம் முளைத்துவிடும், அதனால் உன் பட்டியில் சேர்ந்திருக்கிற வேற்று மாட்டையெல்லாம் காட்டு என்றுதான் நம் ஆட்கள் கேட்பார்கள். நீயும் அப்படியே கேள். எல்லாப் பெட்டியையும் திறக்கச் சொல், திறந்து முடிக்கும்வரை இதை யாரிடமும் சொல்லாதே. அந்தக் காலத்து வழக்கப்படி எல்லோருக்குமே கீழ்வரிசை முன்பற்களை எடுத்திருப்பார்கள், மேல் பல்லை இடைவெளி விட்டு அராவியிருப்பார்கள், அதைப் பார்த்து ஏமாறாதே. இடப்பக்கம், மேல்வரிசை, நடுவிலிருந்து முதல் பல், அது பாதிதான் இருக்கும். கண்டுபிடித்தால் உன் பெயர், என் பெயர், என் அம்மா பெயர் என்று வரிசையாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போய் அவன் தங்கை உவாண்டாராவில் முடி, இல்லாவிட்டால் நீ யார் என்று அவனுக்குத் தெரியாது. பல்லை அராவிக்கொண்டிருக்கும்போது தங்கை எதிரே நின்று முகத்தைக் கோணிக் காட்டினாளாம், அவன் சிரித்துவிட்டானாம், அதில் உடைந்தது.

உன் அம்மா
கரிகொண்டுவா